அந்நியர் அங்கீகரித்த சுல்தான்: ஜொகூர் ஹுசைன் ஷா அவர்களின் வரலாறு

சிங்கப்பூரில் அரபு வீதிப் பக்கம் சரக்கு வாங்கவோ விற்கவோ போய்வராத தமிழ் முஸ்லிம் வியாபாரி இருக்க மாட்டார். லுஹர் நேரமானதும் சுல்தான் பள்ளிவாசலில் தொழுதுவிட்டுக் கடைக்குத் திரும்புவது நம்மவர்களுக்குத் தலைமுறை தலைமுறையான வழக்கம். அந்தப் பள்ளிவாசலின் பெயரில் இருக்கும் சுல்தான் யார் என்று கேட்டால், ஜொகூர் சுல்தான் என்று பலரும் சொல்வார்கள். விடை சரிதான், ஆனால் அது பாதி விடை. அந்தச் சுல்தான் தம் தகப்பனாரின் சிம்மாசனத்தில் உட்கார்ந்தவரல்லர். அதில் உட்கார்ந்தவர் அவருடைய தம்பி. அண்ணனைச் சுல்தான் என்று எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்தவர்கள் ஆங்கிலக் கும்பெனியார். தம்பியைச் சுல்தான் என்று தாங்கி நின்றவர்கள் உலாந்தாக்காரர். ஒரே நாட்டுக்கு இரண்டு சுல்தான்கள். இருவர் பின்னாலும் ஒவ்வொரு வெள்ளைக்கார வல்லரசு.

ஒரு தேசத்தில் இருவர் தலைமைக்கு உரிமை கொண்டாடும்போது, எந்த வெளிநாடு யாரை அங்கீகரிப்பது என்ற தர்க்கம் இன்றும் பத்திரிகைகளில் நடக்கிறது. அந்தத் தர்க்கம் 200 ஆண்டுகளுக்கு முன்பு நம் கண்ணெதிரே உள்ள இந்தக் கரையிலேயே நடந்தது. அதில் அகப்பட்டவரின் சரித்திரத்தை நம் அன்பர்கள் அறிந்துகொள்ள வேண்டுமென்று எழுதுகிறோம்.

ஹுசைன் அவர்கள் 1776-ம் ஆண்டில் பிறந்தவர் என்பார்கள். தெங்கு லோங் என்பது அவருக்கு வழங்கிய பெயர். லோங் என்றால் மூத்தவர். தகப்பனார் மூன்றாம் சுல்தான் மஹ்மூத் ஷா. அந்நாளில் ஜொகூர் ராஜ்யம் என்றால் இன்றைய ஜொகூர் மட்டுமல்ல. பஹாங், சிங்கப்பூர், ரியாவ், லிங்கா, இடையிலுள்ள எண்ணற்ற தீவுகள் எல்லாம் சேர்ந்தது. சுல்தான் லிங்காவில் இருப்பார். பஹாங்கை பெண்டஹாரா பார்த்துக்கொள்வார். ஜொகூரும் சிங்கப்பூரும் தெமெங்கோங் பொறுப்பு. ரியாவில் இருந்தவர் யாம்துவான் மூடா. அந்தப் பதவி 1722 முதல் புகிஸ் வம்சத்தாரிடம் இருந்தது. சுல்தான் மலாய்க்காரர், காரியம் நடத்துகிறவர் புகிஸ்காரர் என்ற நிலை. இந்த இரண்டு கட்சியும் ஒன்றையொன்று சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டே தொண்ணூறு வருஷம் ஓட்டியிருந்தன. கூட்டு வியாபாரம் செய்த அனுபவமுள்ளவர்களுக்கு நாம் இதை விளக்க வேண்டியதில்லை.

சுல்தான் மஹ்மூத் அவர்களுக்கு இரண்டு ஆண் மக்கள். மூத்தவர் ஹுசைன், இளையவர் அப்துர் ரஹ்மான். இருவருடைய தாய்மாரும் அரச வம்சத்தவர் அல்லர். சுல்தானின் பட்டத்து ராணி எங்கு புத்ரி ஹமீதா. ரியாவிலுள்ள பென்யெங்காட் தீவை மஹராகப் பெற்றவர். அவருக்குப் பிள்ளை இல்லை. ஆனால் ராஜ்யத்தின் அரசுச் சின்னங்கள் அவர் பொறுப்பில் இருந்தன. மலாய் வழக்கில் அந்தச் சின்னங்கள் இல்லாமல் பட்டம் சூட்டினால் அது பட்டமே ஆகாது. இந்த ஒரு விஷயத்தை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

1812-ம் வருஷம் ஜனவரி 12-ந் தேதி சுல்தான் மஹ்மூத் லிங்காவில் காலமானார். மூத்த மகன் அப்போது அங்கில்லை; பெண்டஹாரா குடும்பத்தில் நிக்காஹ் செய்துகொள்வதற்காகப் பஹாங் போயிருந்தார். பருவக்காற்று திரும்பாமல் அவரால் உடனே கப்பலேற முடியவில்லை. அடுத்த அரசர் இன்னார் என்று அறிவித்த பிறகே இறந்த அரசரை அடக்கம் செய்வது மலாய் அரச வழக்கம். மைய்யித்தை வைத்துக்கொண்டு காத்திருக்கக் கூடாதென்பது மார்க்கம். இந்த நெருக்கடியில் யாம்துவான் மூடா ராஜா ஜாபர் இளையவரான அப்துர் ரஹ்மானைச் சுல்தான் என்று முன்னிறுத்தினார். இளையவர் மார்க்கப் பற்று மிகுந்தவர், ஆட்சியில் அவ்வளவு நாட்டம் இல்லாதவர் என்று சொல்லப்படுகிறது. அப்படிப்பட்ட ஒருவர் மேலே இருந்தால் கீழே இருப்பவருக்கு வசதிதான். ராஜா ஜாபர் அதை யோசிக்காமல் இருந்திருப்பார் என்று நமக்குத் தோன்றவில்லை.

ஹுசைன் திரும்பி வந்தபோது எல்லாம் முடிந்துபோயிருந்தது. பெண்டஹாராவும் தெமெங்கோங்கும் அவர் பக்கம் சாய்ந்தவர்கள். ஆனாலும் படை திரட்டிச் சண்டை போடவில்லை. எங்கு புத்ரி ராஜா ஜாபருக்குச் சகோதரிதான்; இருந்தும் அரசுச் சின்னங்களைக் கொடுக்க மறுத்துவிட்டார். ஆகையால் அப்துர் ரஹ்மான் பெயரளவில் சுல்தான். முறைப்படி பட்டம் சூட்டப்படாதவர். ஹுசைன் மூத்தவர், ஆனால் கையில் ஒன்றும் இல்லாதவர். இந்த நிலையில் ஏழு வருஷம் கழிந்தது. அந்த ஏழு வருஷமும் ஹுசைன் ரியாவில் சொற்ப வருமானத்தில் காலம் தள்ளினார். எந்த வெளிநாட்டு அரசும் அவரைக் கூப்பிட்டு, உமக்கு நியாயம் கிடைத்ததா என்று விசாரிக்கவில்லை.

இங்கே ஐரோப்பாவின் கதையைச் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். நெப்போலியன் யுத்த காலத்தில் உலாந்தாக்காரரின் மலாக்கா முதலிய இடங்களை ஆங்கிலேயர் எடுத்து வைத்திருந்தார்கள். யுத்தம் முடிந்ததும் 1818-ல் மலாக்காவைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று. உலாந்தாக்காரர் திரும்பி வந்தால் ஜலசந்தி முழுவதும் அவர்கள் கையில் போய்விடும், சீனாவுக்குப் போகும் கப்பல்களுக்கு வழி அடைபடும் என்று ஆங்கில வர்த்தகர்களுக்குப் பயம். எனவே மலாக்காவில் ரெஸிடெண்டாக இருந்த பார்க்குவார் 1818 ஆகஸ்டு 19-ந் தேதி ரியாவில் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டார். யாரோடு? ராஜா ஜாபரோடு, சுல்தான் அப்துர் ரஹ்மானின் பெயரால். அதாவது அன்றைக்கு ஆங்கிலேயர் கணக்கில் தம்பிதான் சுல்தான். மூன்று மாதம் கழித்து, நவம்பர் 26-ல், உலாந்தாக்காரர் அதே ரியாவில் அதே ராஜா ஜாபரோடு தங்கள் உடன்படிக்கையைச் செய்துகொண்டு கொடியை ஏற்றிவிட்டார்கள்.

ராஜா ஜாபரின் தகப்பனார் ராஜா ஹாஜி 1784-ல் மலாக்காவை முற்றுகையிட்டு உலாந்தாக்காரரோடு போரிட்டு உயிர் நீத்தவர். மகன் அவர்களோடு கையொப்பம் இடுகிறார். ராஜ்ய விவகாரத்தில் இப்படியும் நடக்கிறது.

ராபிள்ஸ் துரை 1819 ஜனவரி 28-ந் தேதி சிங்கப்பூர் அருகே நங்கூரமிட்டார். கல்கத்தாவிலிருந்த கவர்னர் ஜெனரல் ஹேஸ்டிங்ஸ் பிரபு அவருக்குக் கொடுத்த அனுமதி, உலாந்தாக்காரரோடு மோதாமல் ஓர் இடம் பார்க்கச் சொல்லித்தான். மறுநாள் கரையிறங்கினார். ஆற்றுமுகத்தில் தெமெங்கோங் அப்துர் ரஹ்மானின் கிராமம் இருந்தது. (சுல்தானுக்கும் தெமெங்கோங்குக்கும் பெயர் ஒன்று, குழம்ப வேண்டாம்.) தீவு முழுவதும் சேர்த்துச் சுமார் 1,000 பேர் இருந்திருக்கலாம். 30-ந் தேதி தெமெங்கோங்கோடு தற்காலிகமாக ஓர் ஒப்பந்தம் எழுதப்பட்டது. ஆனால் தெமெங்கோங் நிலத்தைப் பார்த்துக்கொள்ளும் அதிகாரி. நிலத்தைக் கொடுக்கும் உரிமை சுல்தானுடையது. லிங்காவில் இருக்கும் சுல்தானோ உலாந்தாக்காரரோடு கட்டுப்பட்டவர், கொடுக்க மாட்டார். சொத்து வேண்டும், பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டியவர் மறுப்பார் என்றால், வாங்க வந்தவர் என்ன செய்வார்? அந்தக் குடும்பத்தில் பாத்தியதை கோரக்கூடிய இன்னொருவர் இருக்கிறாரா என்று பார்ப்பார். ராபிள்ஸ் செய்தது அதுவே. ரியாவுக்கு ஆள் போயிற்று. பிப்ரவரி 1-ந் தேதி ஹுசைன் சிங்கப்பூர் வந்து சேர்ந்தார்.

அவர் மனத்தில் என்ன ஓடியிருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கிறோம். ஏழு வருஷம் ஒதுக்கப்பட்டவர். குடும்பம் ரியாவில், உலாந்தாக்காரர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. இங்கே பீரங்கிக் கப்பல்களோடு வந்திருக்கும் வெள்ளைக்காரர், நீரே சுல்தான் என்கிறார். மறுத்தால் ரியாவின் வறுமைக்குத் திரும்ப வேண்டும். ஒத்துக்கொண்டால் தம்பியோடும் உலாந்தாக்காரரோடும் பகை. அவர் பயந்து நடுங்கினார் என்று முன்ஷி அப்துல்லாஹ் பரிகாசமாக எழுதியிருக்கிறார். முன்ஷி அன்றைக்கு அங்கே இல்லை. பிறகு வந்தவர், கேட்டதை எழுதியவர். பயந்திருந்தால்தான் என்ன? பயப்படுவதற்குக் காரணம் இருந்தது.

பிப்ரவரி 6-ந் தேதி உடன்படிக்கை ஆயிற்று. ஹுசைன், ஜொகூர் சுல்தான் ஹுசைன் முஹம்மது ஷா என்று அறிவிக்கப்பட்டார். கும்பெனி இங்கே வியாபார ஸ்தலம் வைத்துக்கொள்ளலாம்; வேறு ஐரோப்பிய, அமெரிக்க வல்லரசுக்கு இடம் தரக் கூடாது. பதிலுக்குச் சுல்தானுக்கு வருஷம் 5,000 ஸ்பானிய வெள்ளி, தெமெங்கோங்குக்கு 3,000. உள்நாட்டுக் கப்பல்களிடம் வாங்கும் சுங்கத்தில் பாதி தெமெங்கோங்குக்கு உண்டு என்றும் எழுதினார்கள். ஆனால் இதுதான் சுங்கமில்லாத துறைமுகமாயிற்றே! பூஜ்யத்தில் பாதி எவ்வளவு என்று நம் கடைப் பையனும் சொல்லிவிடுவான். மறுநாளே ராபிள்ஸ் கப்பலேறிவிட்டார். பார்க்குவார் ரெஸிடெண்டாக நின்றார். தம்பியின் பெயரால் ரியாவில் கையொப்பமிட்ட அதே பார்க்குவார்தான், ஆறு மாதத்துக்குள் அண்ணனுக்குக் காவலராக நின்றார்.

இதன் பிறகு நடந்த தர்க்கம்தான் நாம் கவனிக்க வேண்டியது. உலாந்தாக்காரர் மலாக்காவிலிருந்தும் பட்டேவியாவிலிருந்தும் கண்டனம் எழுதினார்கள். ஏழு வருஷமாக லிங்காவில் ஒரு சுல்தான் இருக்கிறார். ஆங்கிலேயரே போன வருஷம் அவர் பெயரால் உடன்படிக்கை செய்திருக்கிறார்கள். நேற்றுவரை உரிமை கொண்டாடாதவரைக் கூட்டிவந்து நாற்காலியில் உட்கார்த்தி அவரிடம் ஒரு கையொப்பம் வாங்குவது எந்த நியாயம் என்பது அவர்கள் வாதம். ஆங்கிலேயர் பதில் வேறு விதம். இளையவர் முறைப்படி பட்டம் சூட்டப்படவில்லை. அரசுச் சின்னங்கள் அவரிடம் இல்லை. பெண்டஹாரா, தெமெங்கோங் சம்மதம் அவருக்கு இல்லை. ஆகவே அவர் பெயரால் உலாந்தாக்காரர் பெற்ற பத்திரம் செல்லாது. மூத்தவரே வாரிசு என்றார்கள்.

இரண்டு வாதத்திலும் உண்மை இருக்கிறது. மலாய் வழக்கத்தில் மூத்த மகன் என்பது மட்டும் முடிவான உரிமையல்ல. ஆனாலும் அது லேசான உரிமையுமல்ல. பெரியவர்களின் சம்மதமும் சின்னங்களும் வேண்டும். ஹுசைனுக்குச் சம்மதம் இருந்தது, சின்னம் இல்லை. தம்பிக்கு ஆசனம் இருந்தது, சின்னமும் முழுச் சம்மதமும் இல்லை. நடுநிலையான ஒரு சபை கூடி இருதரப்பையும் கேட்டிருந்தால் என்ன தீர்ப்பு வந்திருக்குமோ! நம் அபிப்பிராயத்தில் ஹுசைனின் கோரிக்கையே சற்று வலுவானது. ஆனால் ஆங்கிலேயர் அவரை அங்கீகரித்தது அதற்காக அல்ல. அப்படியானால் 1812-ல் அங்கீகரித்திருக்க வேண்டும். குறைந்தது 1818 ஆகஸ்டிலாவது பேசியிருக்க வேண்டும்.

ஆங்கிலேயருக்குள்ளேயே ஒற்றுமை இல்லை. பினாங்கு கவர்னர் பானர்மன் ராபிள்ஸ் செய்ததைக் கண்டித்தார். பார்க்குவார் படை கேட்டபோது கொடுக்க மறுத்து, இடத்தைக் காலி செய்து வந்துவிடும்படி ஆலோசனை சொன்னார். பினாங்கு வியாபாரத்துக்குப் போட்டி வந்துவிடும் என்ற கவலையும் அதில் இருந்தது என்று சொன்னால் பாவமில்லை. கல்கத்தாவில் ஹேஸ்டிங்ஸ் பிரபுவுக்கும் ராபிள்ஸ் மீது வருத்தந்தான். ஆனால் ஏற்றிய கொடியை இறக்க அவருக்கு மனம் வரவில்லை. பினாங்கு படை அனுப்பியாக வேண்டும் என்று உத்தரவிட்டார். உலாந்தாக்காரர், கல்கத்தாவே இதை ரத்து செய்துவிடும் என்று நம்பிச் சும்மா இருந்தார்கள். அந்தக் காத்திருப்பில் துறைமுகம் வளர்ந்துவிட்டது. 1824 ஜனவரியில் ஜனக்கணக்கு எடுத்தபோது 10,683 பேர். ஐந்து வருஷத்தில் பத்து மடங்கு! நம் சோழமண்டலக் கரை மரக்கலங்களும் அவற்றில் வந்த சூலியா வர்த்தகர்களும் இந்தப் பெருக்கத்தில் கலந்தவர்களே.

இந்தக் கடிதப் போருக்கு நடுவில் ஹுசைன் என்ன செய்தார்? ராபிள்ஸ் போனவுடன் ராஜா ஜாபருக்கு ஒரு கடிதம் எழுதினார். வெள்ளைக்காரர் திடீரென்று படையோடு வந்துவிட்டார், எதிர்க்க வழியில்லாமல் இணங்கினேன் என்பது அதன் சாரம். தெமெங்கோங்கும் மலாக்காவுக்கு அப்படியே எழுதினார். விஷயம் தெரிந்த பார்க்குவார் இருவரிடமும் விசாரித்து, தங்கள் முழுச் சம்மதத்தோடுதான் ஆங்கிலேயர் வந்தார்கள் என்று எழுதி வாங்கிக்கொண்டார். இருவரையும் இரட்டை நாக்கு என்று இகழ்ந்தவர்கள் உண்டு. நாம் அப்படிச் சொல்ல மாட்டோம். இரண்டு யானைகளுக்கு நடுவில் நிற்பவர் இரண்டு பக்கமும் கும்பிடத்தான் செய்வார்.

தம்பியின் பக்கத்தையும் பார்ப்போம். ஆங்கிலேயர் வாதத்தில் சின்னங்கள் பற்றிய பகுதிதான் உலாந்தாக்காரரை உறுத்தியது. அந்தக் குறையைத் தீர்க்க அவர்கள் கண்ட வழி, 1822 அக்டோபரில் சிப்பாய்களோடு பென்யெங்காட் தீவுக்குப் போய் எங்கு புத்ரியிடமிருந்து சின்னங்களைப் பலவந்தமாக எடுத்துக்கொண்டது. பத்து வருஷம் சொந்தச் சகோதரன் கேட்டும் கொடுக்காத அம்மையாரால் துப்பாக்கியைத் தடுக்க முடியவில்லை. 1823 நவம்பரில் லிங்காவில் அப்துர் ரஹ்மான் அவர்களுக்குப் பட்டாபிஷேகம் நடந்தது. அண்ணனுக்குச் சின்னமில்லாத பட்டம். தம்பிக்குப் பறித்த சின்னத்தோடு பட்டம்.

சிங்கப்பூரில் சுல்தான் ஹுசைன் கம்போங் கிளாமில் அரண்மனை கட்டிக் குடியேறினார். ரியாவிலிருந்து அவரைச் சேர்ந்தவர்கள் நூற்றுக்கணக்கில் வந்தார்கள். பக்கத்தில் பள்ளிவாசல் கட்டினார். அதற்குக் கும்பெனியார் 3,000 வெள்ளி கொடுத்தார்கள். இப்போது நாம் தொழும் பெரிய கட்டடம் அதுவல்ல. 1932-ல் கட்டி முடிந்தது. நிர்வாக சபையில் மலாய்க்காரர், ஜாவாக்காரர், புகிஸ்காரர், அரபியர், வட இந்தியர் ஆகியோருடன் தமிழ் முஸ்லிம்களுக்கும் 1914-ல் இடம் வகுக்கப்பட்டது என்பதை நம்மவர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

வரும்படியைப் பற்றிச் சுல்தானுக்கும் கும்பெனிக்கும் ஓயாத பிணக்கு. துறைமுகத்துக்கு வரும் நகுதாக்கள் அரசருக்குக் காணிக்கை வைப்பது தென்கடல் முழுவதும் பழைய வழக்கம். சுல்தானும் தெமெங்கோங்கும் அதை எதிர்பார்த்தார்கள். ஆங்கிலேயருக்கு அது வியாபாரத் தடை. இது சம்பந்தமாக முன்ஷி அப்துல்லாஹ் ஒரு சம்பவம் எழுதியிருக்கிறார். முன்ஷியின் முப்பாட்டனார் யமன் தேசத்திலிருந்து நாகூருக்கு வந்து அங்கே மணம் செய்துகொண்டவர். முன்ஷி மலாக்காவில் 1796-ல் பிறந்தவர். அந்நாளில் மலாக்காவில் கணக்கு வழக்குக்குத் தமிழ் அவசியமென்று சிறுவயதில் தமிழ் படித்தவர். ராபிள்ஸ் ஒருநாள் சுல்தானையும் தெமெங்கோங்கையும் அழைத்து, நீங்கள் வியாபாரம் செய்யுங்கள் என்று யோசனை சொன்னாராம். கல்கத்தாவிலுள்ள தம் சிநேகிதரான வர்த்தகரிடம் சொல்லிச் சரக்கு தருவிக்கிறேன், கிட்டங்கி கட்டித் தருகிறேன், மலாய் நாட்டுச் சரக்குகளைச் சேகரித்து அனுப்புங்கள், லாபம் உங்களுக்கு என்றாராம். அவர்கள் சிரித்துவிட்டு, வியாபாரம் செய்வது அரசர்களுக்கு வழக்கமில்லை, மற்ற ராஜாக்கள் கேட்டால் இழிவாகப் பேசுவார்கள் என்று மறுத்துவிட்டார்களாம். ராபிள்ஸுக்கு முகம் சிவந்துவிட்டது.

வியாபாரிகளாகிய நமக்கு இதைப் படிக்கும்போது சுல்தான் மேல் சிறிது கோபம் வருவது இயல்பு. வர்த்தகம் இழிவென்றால் பின்னே எது மேன்மை? ஆனால் இன்னொரு புறமும் உண்டு. அவரிடம் மிஞ்சியிருந்தது அரசர் என்ற பெயர் ஒன்றே. அந்தப் பெயருக்காகத்தான் அவரை ரியாவிலிருந்து கூட்டிவந்தார்கள். அதை விட்டுவிட்டுக் கிட்டங்கியில் உட்கார்ந்தால், தம்பி லிங்காவில் சிரிக்க மாட்டாரா? காணிக்கை வாங்குவது அரசர். சரக்கு நிறுப்பது செட்டு. அப்படித்தான் அவருக்குக் கற்றுக்கொடுத்திருந்தார்கள்.

1823 ஜூனில் ராபிள்ஸ் புது ஏற்பாடு செய்தார். சுல்தானுக்கு மாதம் 1,500 வெள்ளி, தெமெங்கோங்குக்கு 800. பதிலுக்குக் காணிக்கை, வரும்படி உரிமைகளை விட்டுவிட வேண்டும். அவர்கள் குடியிருக்கும் நிலம் நீங்கலாகத் தீவு கும்பெனி இஷ்டம். அடுத்து வந்த ரெஸிடெண்டு கிராபர்டு கண்டிப்பான கணக்காளர். 1819-ல் எழுதியது வியாபார ஸ்தலம் வைக்க அனுமதியே தவிர நிலத்தை உடைமையாக்கிக் கொடுத்த பத்திரமல்ல என்று அவர் மேலிடத்துக்கு எழுதினார். அது சரியான வாசகந்தான். எனவே முழு உரிமையையும் எழுதி வாங்குவதென்று முடிவாயிற்று. அதற்கு முன் உபகாரச் சம்பளம் சில மாதங்கள் நிறுத்திவைக்கப்பட்டதென்று முன்ஷி சொல்கிறார். சுல்தானோ கடன்பட்டிருந்தார்.

1824 ஆகஸ்டு 2-ந் தேதி கையொப்பமாயிற்று. சிங்கப்பூர்த் தீவும், கரையிலிருந்து பத்து மைல் வரையுள்ள கடலும் சிறு தீவுகளும் கும்பெனிக்கு என்றென்றைக்கும் சொந்தம். சுல்தானுக்கு ரொக்கம் 33,200 வெள்ளி, ஆயுள் வரை மாதம் 1,300. தெமெங்கோங்குக்கு 26,800, மாதம் 700. கும்பெனி சம்மதமில்லாமல் வேறு வல்லரசோடு தொடர்பு வைக்கக் கூடாது. இன்னொரு ஷரத்தும் உண்டு: சிங்கப்பூரை விட்டு நிரந்தரமாகப் போய்விட விரும்பினால் சுல்தானுக்கு 20,000, தெமெங்கோங்குக்கு 15,000 வெள்ளி தரப்படும். வருந்தி அழைத்து வந்தவரைப் போகச் சொல்லவும் ஐந்தே வருஷத்தில் விலை குறித்தாயிற்று.

இதற்குள் லண்டனில் காரியமே முடிந்திருந்தது. 1824 மார்ச் 17-ந் தேதி ஆங்கிலேயரும் உலாந்தாக்காரரும் தங்களுக்குள் ஓர் உடன்படிக்கை எழுதிக்கொண்டார்கள். மலாக்கா ஆங்கிலேயருக்கு, சிங்கப்பூர் விஷயத்தில் உலாந்தாக்காரர் ஆட்சேபத்தை விட்டுவிட்டார்கள், ஜலசந்திக்குத் தெற்கே ரியாவ், லிங்கா முதலிய தீவுகளில் ஆங்கிலேயர் ஸ்தலம் வைப்பதில்லை. ஐந்து வருஷம் எந்தச் சகோதரர் உண்மையான சுல்தான் என்று காகிதம் காகிதமாக எழுதியவர்கள், முடிவில் அந்தக் கேள்விக்கு விடையே எழுதவில்லை. கடலில் கோடு போட்டார்கள். ஜொகூர் ராஜ்யம் இரண்டாயிற்று. அண்ணனையும் கேட்கவில்லை, தம்பியையும் கேட்கவில்லை.

அதன் பிறகு கும்பெனிக்குச் சுல்தானிடம் பெற வேண்டியது ஒன்றும் இல்லை. கிராபர்டு சாலை போடும்போது அரண்மனை மதில் குறுக்கே நின்றது, சுல்தான் ஆட்சேபித்தார், மதில் இடிபட்டது. அரண்மனையிலிருந்து தப்பி ஓடிய பெண்கள் கொடுமை செய்யப்பட்டதாக முறையிட்டபோது, திருப்பி அனுப்ப முடியாது, அவர்கள் இஷ்டம்போல் போகலாம் என்று கிராபர்டு தீர்ப்பளித்தார். அந்தத் தீர்ப்பு நியாயமானதுதான். நாம் சுல்தானுக்காகப் பரிந்து பேச முடியாது. ஆனால் அரசரென்ற வார்த்தைக்குத் தீவில் என்ன மதிப்பு மிஞ்சியிருந்தது என்பது அன்று ஊரறியத் தெரிந்துவிட்டது.

1834-ல் அவர் சிங்கப்பூரை விட்டு மலாக்காவுக்குப் போனார். 1835 செப்டம்பரில் அங்கேயே வஃபாத்தானார். தம்பி மூன்று வருஷம் முந்தி 1832-ல் லிங்காவில் இறந்திருந்தார்.

தகப்பனார் பெற்ற அங்கீகாரம் மகனுக்கு உண்டா? மகன் தெங்கு அலியைச் சுல்தான் என்று ஒத்துக்கொள்ளக் கும்பெனிக்கு 20 வருஷம் பிடித்தது. 1855 மார்ச் 10-ந் தேதி ஒத்துக்கொண்டார்கள், என்ன விலைக்கு? கேசாங் நதிக்கும் மூவார் நதிக்கும் இடைப்பட்ட சிறு பகுதியும், 5,000 வெள்ளி ரொக்கமும், மாதம் 500 வெள்ளியும் அலிக்கு. ஜொகூர் முழுவதும் தெமெங்கோங் இப்ராஹீமுக்கு. தெமெங்கோங் குடும்பத்தார் வர்த்தகத்தை இழிவாக நினைக்காமல் குட்டிப்பெர்ச்சா, கம்பீர், மிளகு வியாபாரத்தில் புகுந்து செல்வாக்கு அடைந்தவர்கள் என்பது இங்கே கவனிக்கத்தக்கது. இப்ராஹீமின் மகன் அபூபக்கரை 1885-ல் ஆங்கிலேயர் ஜொகூர் சுல்தான் என்று அங்கீகரித்தார்கள். இன்றைய ஜொகூர் அரச வம்சம் அவருடையது. ஹுசைனின் சந்ததியாருக்குக் கம்போங் கிளாம் அரண்மனை மட்டும் மிஞ்சியது. அந்த நிலத்துக்குச் சட்டப்படி வாரிசு யாருமில்லை என்று 1897-ல் நீதிமன்றம் சொல்லிவிட்டது. 1904-ல் ஒரு சட்டம் இயற்றிச் சந்ததியாருக்கு உதவித்தொகை வகுத்தார்கள். 1999-ல் அரசாங்கம் அதை மரபுடைமை நிலையமாக்கத் தீர்மானித்தது, குடியிருந்தவர்கள் வெளியேறினார்கள்.

தம்பியின் வம்சத்துக்கு நேர்ந்ததையும் சொல்லாவிட்டால் கணக்கு நேராகாது. பட்டம் சூட்டிய உலாந்தாக்காரரே 1911-ல் லிங்கா சுல்தானைப் பதவியிலிருந்து நீக்கினார்கள். 1913-ல் அந்த ராஜ்யத்தையே எடுத்துவிட்டார்கள். கடைசிச் சுல்தான் அடைக்கலம் தேடி வந்த இடம் சிங்கப்பூர். 1930-ல் இங்கேயே காலமானார். அவருடைய கபுறு தெலுக் பிளாங்காவில் இருக்கிறது.

சுல்தான் ஹுசைன் ஷா அவர்கள் மலாக்காவில் தெங்கேரா பள்ளிவாசல் வளாகத்தில் அடக்கமாகியிருக்கிறார்கள். அடுக்கடுக்கான கூரையும் கோபுரம் போன்ற மினாராவும் உள்ள பழைய பள்ளிவாசல் அது. ஊரின் மேற்குப் பக்கத்தில், கடைத்தெருவிலிருந்து தூரமில்லை.